தெலுங்கு கற்ற அத்தியட்சர்



பாகாலா சந்திப்பில் நீங்கள் எப்போதாவது ரயில் மாறியிருக்கிறீர்களா? காட்பாடியிலிருந்து சித்தூர் வழியாய் வரும் பாதை, இங்கே திருப்பதிக்கும் தர்மவரத்திற்குமாய்ப் பிரிகிறது. ஒருவர் தமிழில் விலை கேட்பார். கடைக்காரர் தெலுங்கில் பதிலுரைப்பார். பேரம் தடையின்றி முடியும். ஆனால், இப்பக்கம் பிழைக்க வந்த நம்மவரில் பலர், பல வருடங்கள் கடந்தும் தெலுங்கிலே ஒரு சிறு ஜெபம் ஏறெடுக்கத் தயங்குகிறார்கள். அவர்களுக்காகவே வேதநாயகம் சாமுவேல் அசரியாவைக் குறித்து எழுதுகிறேன்.

அவர் 1874-ஆம் ஆண்டு வெள்ளாளன்விளையிலே, ஒரு கிராமப் போதகரின் குமாரனாய்ப் பிறந்தார். பிற்காலத்தில் ஒய்.எம்.சி.ஏ. செயலாளராய்த் தென்னாடெங்கும் சுற்றினார். 1902-இல் யாழ்ப்பாணம் சென்றபோது, அங்குள்ள தமிழ்க் கிறிஸ்தவர்கள் ஊழியரைத் தாங்களே தாங்கி அனுப்புவதைக் கண்டார். மறுவருடமே திருநெல்வேலியில் இந்திய மிஷனரி சங்கம் தோன்றிற்று. ஊழியரும் இந்தியர், பணமும் இந்தியருடையது, நிர்வாகமும் இந்தியருடையதே.

அவர்கள் தெரிந்துகொண்ட இடம், அன்று நிஜாமின் ஆளுகைக்கு உட்பட்டிருந்த தோர்ணக்கல். பாகாலாவைப் போல அதுவும் ரயில் பாதை பிரியும் ஊர்தான். ஆனால் திருநெல்வேலியாருக்கு அது கடல் கடந்த தேசத்திற்குச் சமானம். பாஷை வேறு, அரசர் வேறு. பிறரைப் போகச் சொல்லிவிட்டுத் தாம் வீட்டில் இருப்பது தகாதென்று எண்ணிய அசரியா, 1909-இல் குருப்பட்டம் பெற்று அங்கே புறப்பட்டார். முதலில் கூடாரமே வீடு. முப்பத்தைந்தாம் வயதிலே, தெலுங்கை அரிச்சுவடியிலிருந்து கற்கவேண்டியிருந்தது!

1910-இல் எடின்பரோ மாநாட்டில், மிஷனரிமார் தியாகம் செய்தது மெய்யே, ஆயினும் எங்களுக்குச் சிநேகிதர் வேண்டும் என்று அவர் துணிந்து பேசினார். சபையிலே சிலருக்கு அது கசந்தது. 1912 டிசம்பர் 29-ஆம் தேதி கல்கத்தாவில், ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்திய அத்தியட்சராக அபிஷேகம் பெற்றார். எதிர்த்தவர்களில் வெள்ளையர் மட்டுமல்ல, நம்மவரும் இருந்தனர். அந்தப் பட்டத்தைவிட அந்த அரிச்சுவடியே எனக்குப் பெரிதாய்த் தோன்றுகிறது. அது இல்லாவிடில், மாட்டுவண்டியில் கிராமம் கிராமமாய்ச் சென்று, ஒருவரோடொருவர் பந்தியிருக்க மனமற்ற மாலா, மாதிகா ஜனங்களை ஒரே திருவிருந்துக்கு எப்படி அழைத்திருப்பார்? அவர் மனைவி அன்பு அம்மையாரும் தெலுங்குப் பெண்கள் நடுவே உழைத்தார்.

1939-இல் தோர்ணக்கல் பேராலயம் பிரதிஷ்டையாயிற்று. கோயில் தூண்களும் மசூதியின் குவிமாடங்களும் அதன் கட்டடத்திலே கலந்து நிற்கின்றன. 1945 ஜனவரி 1-ஆம் தேதி அசரியா மரித்தார். திருநெல்வேலி மண்ணில் அல்ல, தோர்ணக்கல்லிலேயே அவரை அடக்கம்பண்ணினார்கள்.