பழைய புத்தகக் கடையும் குருதிப் பையும்

உக்கடத்துப் பழைய புத்தகக் கடைகளில் நன்னூல் உரைகளையும் பழைய மலர்களையும் தேடி அலைவது மாணவப் பருவந்தொட்டு நமக்கு வாய்த்த பழக்கம். சென்ற ஆண்டு அக்கடைகளுக்கு முற்றிலும் வேறான ஒரு பட்டியலோடு சென்றோம். நம் தமக்கை மகள் நோய்க்குறியியலில் முதுநிலை பயில்பவள். இரத்த மையத்தில் அவள் பயிற்சி பெறவேண்டிய மாதம் நெருங்கியிருந்தது. "மாமு, எல்லாவற்றையும் புதிதாக வாங்க என்னிடம் வசதியில்லை. கடைக்காரர்கள் உங்களுக்குப் பழக்கமானவர்களாயிற்றே, கேட்டுப் பாருங்கள்" என்றாள்.

பட்டியலில் முதலாவது, 1951-இல் இங்கிலாந்தில் முதற்பதிப்புக் கண்ட மாலிசனின் பெருநூல். அடுத்து முன்னர் அமெரிக்க இரத்த வங்கிகளின் சங்கம் எனப் பெயர் கொண்டிருந்த அமைப்பு தொடர்ந்து பதிப்பித்து வரும் தொழில்நுட்பக் கையேடு, ஹார்மெனிங் அம்மையாரின் பாடநூல், நம் நாட்டு மருத்துவர் மக்ரூவின் நூல். இரண்டு மாலைப் பொழுதுகள் தேடியும் நமக்குக் கிடைத்தது மேலட்டை கிழிந்த ஹார்மெனிங் ஒன்றே. அதுவும் பழைய பதிப்பு. வருந்தினோம், அவளோ மகிழ்ந்தாள். இரத்த வகைகளைப் பற்றிய இயல்கள் பழையனவாயினும் பழுதில்லை, நோய்த்தொற்றுப் பரிசோதனைக்கும் சட்டத்துக்கும் மட்டும் பழம்பதிப்பை நம்பலாகாது என்று விளக்கினாள். மருத்துவம் பயிலும் நம் பிள்ளைகள் குறித்துக்கொள்ளத்தக்க சொல் இது. மத்திய சுகாதாரப் பணிகள் தலைமை இயக்ககம் 2003-இல் வெளியிட்ட கையேட்டையும், 1945-ஆம் ஆண்டின் மருந்து மற்றும் அழகுப்பொருள் விதிகளில் 2020-இல் செய்யப்பட்ட திருத்தங்களையும் அவள் முதலில் படித்தாள். 'இரத்த வங்கி' என்னும் பெயர் 'இரத்த மையம்' என மாறியது அத்திருத்தத்தால்தான். வங்கி என்றால் போட்டவரே எடுக்கலாம் என்றன்றோ பொருள்படும்! மாற்றம் நமக்கு உவப்பாகவே இருந்தது.

ஒவ்வோர் இரவும் தான் படித்ததை நம்மிடம் சொல்லிப் பார்த்தாள். சிவப்பணுக்கள் 2 முதல் 6 பாகை வெப்பத்தில் உறைய வேண்டும். தட்டணுக்களோ 20 முதல் 24 பாகையில் ஓயாது அசைந்தபடி ஐந்து நாள்களே வாழும். பாம்பாய் இரத்த வகையைப் பற்றிக் கூறியபோது நாம் வியப்புற்றோம். 1952-இல் பம்பாயில் பெண்டே என்னும் மருத்துவரும் அவர்தம் குழுவினரும் வெளிப்படுத்திய அவ்வகை, அணுக்களை மட்டும் சோதித்தால் 'ஓ' வகை போலவே தோற்றம் தரும். ஊநீரையும் எதிர்த்திசையில் சோதித்தால்தான் உண்மை புலப்படும். அது தெரியாமல் 'ஓ' இரத்தத்தை ஏற்றினால் உயிருக்கே ஆபத்து.

கொடையாளர் தேர்வு என்னும் இயலை அவள் எடுத்த இரவில் நம்மால் இயல்பாகக் கேட்டுக்கொண்டிருக்க இயலவில்லை.

1987-ஆம் ஆண்டு. நம் தாயாருக்கு அறுவை மருத்துவம். இரண்டு பாட்டில் இரத்தம் தேவையென்றனர். உடல்நலம் மிக்க ஆண்கள் மூவர் அங்கே நின்றிருந்தோம். ஒருவர் உடல் தளர்ந்துவிடும் என்றார். மற்றவர் மார்க்கத்தில் இதற்கு இடமுண்டோ என்று ஐயுற்றார். (கட்டாயத் தேவையில் உயிர் காக்க அது ஆகுமானதே என உலமாக்கள் பலர் விளக்கியுள்ளனர். அன்று அங்கே எவரையும் கேட்க எவரும் முயலவில்லை.) மூன்றாமவராகிய நமக்கு வயது 20. ஒன்றும் சொல்லாமல் நின்றோம். தேநீர்க் கடையில் நின்றிருந்த ஒருவரைப் பணம் பேசி அழைத்து வந்தனர். அவர் முழங்கை மடிப்பில் ஊசித் தழும்புகள் அடர்ந்திருந்தன. முடிந்ததும் ஒரு தேநீர் கேட்டார். வாங்கிக் கொடுத்தோம், பெயரைக் கேட்கவில்லை. தாயார் பிழைத்து 2009-இல்தான் வஃபாத்தானார்கள்.

"பணத்துக்குக் கொடுப்பவர் தம் நோயையும் மறைப்பார், சென்ற வாரம் கொடுத்ததையும் மறைப்பார். அதனால்தான் 1996-இல் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டு, 1998 சனவரி முதல் அம்முறையை நிறுத்தினார்கள்" என்று அவள் பாடம் ஒப்பித்தாள். அம்மனிதர் ஒவ்வொரு முறையும் எதை இழந்து எழுந்துபோனார் என்பதை நாம் எண்ணிப் பார்க்க 38 ஆண்டுகள் ஆயின.

பின்னர் அவள் நம்மிடம் கேட்டது தமிழைப் பற்றிய ஓர் உதவி. கொடையாளரிடம் அந்தரங்க வினாக்கள் சில கேட்டாக வேண்டும். அவற்றை எந்தச் சொல்லால் கேட்பது என்று எந்நூலும் அவளுக்குச் சொல்லவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் யாழ்ப்பாணத்து மானிப்பாயில் மருத்துவர் கிறீன் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார், நூல்களும் ஆக்கினார் என்பதை வகுப்பில் பெருமையாகச் சொல்லிவந்த நமக்கு இது ஒரு சோதனை. 'தவறான உறவு உண்டா?' என்று அவள் எழுதியிருந்தாள். தவறு என்று நாமே தீர்ப்பளித்த பின் எவர் 'ஆம்' என்பார்? 'வாழ்க்கைத் துணையல்லாத பிறருடன் உறவு கொண்டதுண்டா?' என மாற்றினோம். இரத்தம் குறைந்தோரைத் 'தகுதியற்றவர்' என்று திருப்பியனுப்பாமல், 'இப்போதைக்கு ஒத்திவைக்கிறோம்' என்று சொல்லலாம் என்றோம். இவ்வாறு நான்கு பக்கங்கள் உருவாயின.

எழுதி முடித்ததும், ஒத்திகை பார்ப்போம் என்று நம்மையே கொடையாளராக அமர்த்தி வினவத் தொடங்கினாள்.

"கடைசியாக எப்போது இரத்தம் கொடுத்தீர்கள்?"

"கொடுத்ததேயில்லை."

எழுதுகோலை வைத்துவிட்டு நம்மைப் பார்த்தாள். "முதன்முறை கொடுப்போருக்கு 60 வயது வரை இடமுண்டு, மாமு. உங்களுக்கு 58தானே?"

அடுத்த வாரம் சென்றோம். விரல் நுனியில் குத்திப் பார்த்தார்கள். 12.5 இருந்தால் போதும், நமக்கு 13.1 இருந்தது. 350 மில்லி எடுத்தனர். பையில் ஒட்டிய சீட்டை அவள் இருமுறை படித்துச் சரிபார்த்தாள். அதில் நம் பெயர் இல்லை, ஓர் எண் மட்டுமே இருந்தது. வெளியே வந்ததும் தேநீர் வாங்கிக் கொடுத்தாள்.