மணியோசைக்கு நடுவே

சென்ற மே விடுமுறையில் எம் பங்கின் இளையோருக்கு மூன்று நாள் ஒலிப் பயிலரங்கு ஒன்றை நடத்தினோம். ஊரின் பழைய ஒலிகளைத் தேடிப் பதிவு செய்து, தொகுத்து, திருவிழா நாளில் ஊராருக்கு ஒலிக்கச் செய்வது நோக்கம். பங்குப்பேரவையைச் சேர்ந்த நாங்கள் நால்வர் பொறுப்பேற்றோம். உண்மையைச் சொன்னால், பிள்ளைகள் கைப்பேசியை நல்ல காரியம் ஒன்றுக்குப் பயன்படுத்தட்டுமே என்பதற்குமேல் பெரிய எண்ணம் எங்களிடம் இருக்கவில்லை.

முதல் நாள் விடியலில் கடற்கரை மணலில் கண்களை மூடி அமர்ந்து, காதில் விழுவதையெல்லாம் நினைவில் கொள்ளச் சொன்னார் பயிற்சியாளர். கனடா நாட்டு இசையறிஞர் மர்ரே ஷேஃபர் தம் மாணவருக்கு 1960களில் அளித்த பயிற்சியை ஒத்தது இது. கோயில் மணியோசை எட்டும் தொலைவே ஒரு காலத்தில் பங்கின் எல்லையாக இருந்தது என்று எழுதியவரும் அவரே. பிள்ளைகள் எழுதித் தந்த பட்டியலில் அலையோசை இருந்தது. வள்ளங்களின் இயந்திர இரைச்சல், மீன் ஏலக் குரல், ஒலிபெருக்கிச் செபமாலை எல்லாம் இருந்தன. அம்பாப் பாட்டு இல்லை. துடுப்புகள் ஒருசேர விழவேண்டி எழுந்த பாட்டு அது. இயந்திரம் வந்து துடுப்பு ஓய்ந்ததும் பாட்டும் ஓய்ந்தது. பாட்டிமார் இருவர் சில அடிகளை நினைவுகூர்ந்தனர். அவ்வளவே கிடைத்தது.

மணியும் பட்டியலில் இல்லை என்பதை ஒரு சிறுமிதான் சுட்டிக்காட்டினாள். கோவாவின் தெருக்களில் கைமணி அடித்துச் சிறுவரை மறைக்கல்விக்கு அழைத்த புனித சவேரியார் 1542இல் வந்து பணியாற்றிய முத்துக்குளித்துறை இது. மணி ஒலிக்காமலா போகும்? நாள்தோறும் ஒலிக்கத்தான் செய்கிறது. ஆயினும் மின்விசைச் சுத்தியல் அடிக்கும் அவ்வோசையை ஒருவரும் செவிகொள்வதில்லை. கயிற்றை அவிழ்த்து அதைப் பொருத்தியவர்கள் நாங்களே. 2011இல் பேரவைக் கூட்டத்தில் கையுயர்த்தி முடிவு செய்தோம். காலந்தவறாமை என்றோம், சிக்கனம் என்றோம். நாற்பது ஆண்டுகள் மணியடித்த கோயில்பிள்ளையிடம் ஒரு சொல் கேட்டோமில்லை. ஸ்பெயின் நாட்டில் கையால் மணியடிக்கும் கலையை மனிதகுலத்தின் பண்பாட்டு மரபென 2022இல் யுனெஸ்கோ ஏற்றது என்று பயிற்சியாளர் சொன்னபோது, நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

இரண்டாம் நாள் கோயில்பிள்ளையை அழைத்து வந்தார்கள். பழைய கயிறு மீண்டும் கட்டப்பட்டது. திரிகால மணி, திருப்பலி மணி, சாவு மணி என ஒவ்வொன்றாக அடித்துக் காட்டினார் அவர். பெரிய வியாழன் உன்னதங்களிலே கீதத்தோடு மணி ஓய்ந்து, பாஸ்கா திருவிழிப்பு வரை மரக்கட்டையே ஒலிக்கும் முறையையும் விளக்கினார்.

மூன்றாம் நாள் தொகுப்பை அவருக்கே முதலில் கேட்பித்தோம். நேரம் மிகுகிறது என்று, சாவு மணியின் இடைவெளிகளை ஓர் இளைஞன் வெட்டியிருந்தான். அதைக் கேட்ட பெரியவர் பதறி எழுந்துவிட்டார்.

“ஏம்ல, இது சாவு மணியா? வள்ளம் கவுந்தா அடிக்கிற மணில்லா இது!”

“உங்க மணிதான் தாத்தா. நடுவுல சத்தமே இல்லாத இடத்தை மட்டும் எடுத்துட்டேன்.”

“அந்த இடத்துலதாம்ல செபம் இருக்கு.”

ஓர் அடிக்கும் அடுத்த அடிக்கும் இடையே ஒரு மங்கள வார்த்தை செபம் சொல்லி முடிக்க வேண்டுமாம். அவர் சொல்வார், தெருவில் நிற்போரும் வலை பின்னுவோரும் அடுப்படியில் இருப்போரும் சொல்வார்கள். இறந்தவருக்காக ஊரே செபிப்பதற்கென விடப்பட்ட இடம் அது. சிறுவன் சாமுவேல் தன்னை அழைத்த குரலைக் கேட்டான். அது யாருடையது என்பதைப் பார்வை மங்கிய ஏலியே சொல்ல வேண்டியிருந்தது. எங்கள் சிறுவயதில் வாய் தானாக முணுமுணுத்த அச்செபத்தை நாங்கள் எப்போது விட்டோம் என்பது நினைவில்லை. மின்சுத்தியலை நிறுவியவரிடம் அடிகளின் எண்ணிக்கையை மட்டுமே சொல்லியிருந்தோம்.

திரிகால மணி இன்றும் மின்விசையில்தான் ஒலிக்கிறது. அதை மாற்றுவது குறித்துப் பேரவையில் இருமுறை பேசியும் முடிவாகவில்லை. சாவு மணிக்கு மட்டும் கயிறு கீழே தொங்குகிறது. நவம்பரில் எம் தெருவில் ஒரு மூதாட்டி இறந்தபோது, பட்டியலில் மணி இல்லை என்று சொன்ன அதே சிறுமி கயிற்றைப் பிடித்தாள். தேநீர்க் கடையருகே நின்ற நாங்கள் தொப்பியையும் துண்டையும் எடுத்துவிட்டு, முதல் இடைவெளியில் செபத்தைத் தொடங்கினோம். முடிப்பதற்குள் அடுத்த அடி விழுந்தது.

“பிள்ளை கொஞ்சம் வெரசாச் சொல்லுது” என்றார் பக்கத்தில் நின்ற கோயில்பிள்ளை.