நல்லதண்ணியில் பதினொரு போத்தல்கள்

ஹட்டனிலிருந்து மஸ்கெலியா ஊடாக நல்லதண்ணியில் வந்து இறங்கியபோது இரவு பதினொரு மணி. 2023 பெப்ரவரியில், நான் பணிபுரியும் தோட்டத்துப் பெண்கள் பத்துப் பேருடன் சிவனொளிபாதமலை ஏறச் சென்றிருந்தேன். டிசெம்பர் பௌர்ணமியிலிருந்து மே மாத வெசாக் வரை யாத்திரைக் காலம். மலையின் உயரம் 2,243 மீற்றர். படிகளோ 5,000க்கும் மேல். நள்ளிரவுக்குள் ஏறத் தொடங்கினால் விடியலை உச்சியில் காணலாம்.

ஊரின் பெயர் நல்லதண்ணி. அங்கே நின்றுதான் தண்ணீர்ப் போத்தலைப் பற்றி எங்களுக்குள் வாதம் எழுந்தது.

ஒன்பது பேரிடம் இருந்தவை குளிர்பானம் வந்த பழைய பிளாஸ்டிக் போத்தல்கள். கொழுந்து பறிக்கப் போகும்போது தேயிலைத்தண்ணி கொண்டுபோவதும் அவற்றில்தான். ஒரு தங்கச்சி அலுமினியப் போத்தலில் எலுமிச்சைச் சாறு கொண்டு வந்திருந்தார். நானோ புதிதாக வாங்கிய இரட்டைச் சுவர் எவர்சில்வர் போத்தலைப் பெருமையுடன் வெளியே எடுத்தேன்.

"இதத் தூக்கிக்கிட்டா மிஸ் மேல வரப்போறீங்க?" என்று ஒரு அக்கா சிரித்தார். அவர் சிரித்ததில் நியாயம் இருந்தது. கடைத் தராசில் நிறுத்தபோது வெறும் போத்தலே அரைக் கிலோ அளவில் இருந்தது. அவருடையது 50 கிராம்கூட வராது. தண்ணீரின் பாரம் எல்லோருக்கும் ஒன்றுதான், லீற்றருக்கு ஒரு கிலோ. தினமும் முதுகில் கொழுந்து சுமப்பவருக்குப் பாரத்தைப் பற்றி நான் என்ன சொல்வது?

ஆனால் தேநீர்க் கடையில் அவர் கொதிக்கும் தேநீரை அந்தப் போத்தலில் ஊற்றியதும் அது சுருங்கிக் கோணியது. இவ்வகைப் பிளாஸ்டிக் 70 பாகை வெப்பத்தைத் தாண்டினாலே இளகத் தொடங்கிவிடும். "ஆறவச்சு ஊத்தணும், மறந்துட்டேன்" என்றார். அலுமினியத்திலும் ஒரு சங்கடம் உண்டு. உட்பூச்சு கீறுப்பட்டால் புளிப்பு அதனை அரிக்கும். தங்கச்சியின் போத்தல் ஏற்கனவே நெளிந்திருந்ததால், சாற்றை வேறொன்றுக்கு மாற்றச் சொன்னேன்.

சீதகங்குல ஆற்றைக் கடந்து வெகுதூரம் ஏறிய பின்னர்தான் ஒன்றைக் கவனித்தேன். பலருடைய போத்தல்கள் நிரம்பியபடியே இருந்தன. அந்த அக்காவுக்குத் தலை சுற்றியது. ஒரு கடையில் உட்காரவைத்து, ஏன் குடிக்கவில்லை என்று கேட்டேன்.

"குடிச்சா ஒதுங்க எடம் வேணுமே மிஸ். மலையிலயும் இதே கததான். காலைல குடிச்சா வீட்டுக்கு வந்துதான்."

தோட்டத்தில் 'மலை' என்றால் கொழுந்து பறிக்கும் இடம். அடிக்கடி சிறுநீர்க் கடுப்பு என்று வருகிற பெண்களிடம் "நிறையத் தண்ணீர் குடியுங்கள்" என்று நான் எத்தனை தடவை சொல்லியிருப்பேன்! பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்த எனக்கு இதைக் கேட்கத் தோன்றவில்லை. கடைக்கார அம்மாவிடம் சொன்னதும் பின்பக்கத்துக் கழிவறையைத் திறந்துவிட்டார். அதன் பிறகு போத்தல்கள் மளமளவென்று காலியாயின.

உச்சியில் காற்று ஊசியாகக் குத்தியது. என் போத்தலில் இருந்த இஞ்சித் தேநீர் மட்டும் சூடாக இருந்தது. மூடியில் ஊற்றி பதினொரு பேரும் பகிர்ந்து குடித்தோம். பாரத்தைப் பற்றி அப்போது எவரும் பேசவில்லை.

மலையேறப் புறப்படும் சகோதரிகள் கேட்டால் இனி இப்படித்தான் சொல்வேன்: இரட்டைச் சுவர்ப் போத்தல் குழுவுக்கு ஒன்றோ இரண்டோ போதும். ஆளுக்கொன்று ஒற்றைச் சுவர் எவர்சில்வர், அகன்ற வாய், ஒரு லீற்றர். பாரமும் குறைவு, கையை விட்டுக் கழுவலாம். முகாமிட்டால், வெளியே வர்ணம் பூசாததாயின் மூடியைக் கழற்றி அடுப்பிலேயே வைக்கலாம். இரட்டைச் சுவரை மட்டும் நெருப்பில் வைக்கவே கூடாது, வெடிக்கக்கூடும். 2,000 மீற்றருக்கு மேல் தண்ணீர் மூன்று நிமிடமாவது கொதிக்க வேண்டும். தேயிலைச் சரிவுகளின் கீழே ஓடும் நீரைக் கொதிக்கவைத்தும் நான் குடிப்பதில்லை. கிருமி சாகும், தெளித்த மருந்து போகாது.

அந்த அக்கா அடுத்த மாதச் சம்பளத்தில் ஒரு எவர்சில்வர் போத்தல் வாங்கினார். மலையில் பெண்களுக்குக் கழிவறை கேட்டு அந்தப் பத்துப் பேரும் கையொப்பமிட்ட கடிதத்தில் முதல் பெயர் அவருடையது.