அந்த மூணெழுத்து வண்டி

ஆபீசுல ஆணி ஓவர். அதான் இந்தப் பக்கம் வந்து மூணு மாசம் ஆச்சு மக்கா. சரி, பொய் சொல்லக்கூடாது, ஆணி பாதிதான். மீதி நேரமெல்லாம் கராஜுல ஒரு துருப்பிடிச்ச காருக்கு அடியில மல்லாக்கக் கிடந்தேன்.

1967 மாடல் போன்டியாக், கூரையை மடக்கி வைக்கிற கன்வெர்டிபிள். நான் இருக்கிறது மிச்சிகன்ல, டெட்ராய்ட் பக்கம். மெக்கானிகல் படிச்சுட்டுப் பொட்டி தட்டுற பாவத்துக்குப் பரிகாரமா ஒரு பழைய வண்டிக்கு உயிர் கொடுக்கணும்னு ரொம்ப நாள் ஆசை. எதிர்வீட்டுத் தாத்தா ரிட்டயர்டு ஸ்கூல் பஸ் டிரைவர். அவர் கொட்டகையில தார்ப்பாய்க்கு அடியில இது இருபது வருஷத்துக்கு மேல தூங்கிட்டிருந்துச்சு. "ஜிடிஓ தம்பி, அசல் ஜிடிஓ" ன்னார். 1974-ல, பெட்ரோல் தட்டுப்பாட்டுக்குப் பயந்து பெரிய இஞ்சின் வண்டிகளை எல்லாரும் தள்ளிவிட்ட நேரத்துல, சல்லிசா வாங்கினாராம். கல்யாணமாகி பாட்டியை வீட்டுக்குக் கூட்டிட்டு வந்தது இதுலதான். பாட்டி இப்ப இல்லை. என்கிட்ட 9,000 டாலருக்குக் கொடுத்தார். தங்கமணி ரெண்டு நாள் பேசலை.

ஜிடிஓன்னா என்னன்னு தெரியாதவங்களுக்கு: நடுத்தர சைஸ் கார்ல 330 கன அங்குலத்துக்கு மேல இஞ்சின் வைக்கக்கூடாதுன்னு ஜெனரல் மோட்டார்ஸ்ல ஒரு விதி இருந்துச்சு. போன்டியாக் தலைமை இஞ்சினியர் ஜான் டிலோரியன் கோஷ்டி, 1964 மாடல் லெமான்ஸ்ல 389 இஞ்சினைச் சொருகி, இது தனி மாடல் இல்லீங்க, கூடுதல் வசதின்னு வித்துட்டாங்க. நம்மாளுங்க மாதிரியே ஓட்டை கண்டுபிடிக்கிற மூளை! மசில் கார் மோகம் சூடு பிடிச்சது அங்கதான். 1967-ல ஜிடிஓ இஞ்சின் 400 கன அங்குலம், அதாவது 6.6 லிட்டர். எட்டு மாருதி 800 இஞ்சினைச் சேர்த்தாலும் கொஞ்சம் குறையும்.

வேலையை ஆரம்பிச்சா, சீட்டுக்குள்ள எலிக் குடும்பம். மிச்சிகன்ல பனிக்காலத்துல ரோட்டுல உப்பு கொட்டுவாங்க, அது தரைத் தகட்டைத் தின்னு தீர்த்திருந்துச்சு. கார்ப்பெட்டைத் தூக்கினா சிமெண்டு தெரியுது. கூரை இல்லாத வண்டியில தரையைச் சும்மா வெட்டிடவும் முடியாது. முதல்ல கதவு இடைவெளியில குறுக்கே இரும்புக் குழாய் வச்சு பத்தவைக்கணும். இல்லன்னா பாடி தொங்கிப்போய் கதவு அப்புறம் சாத்தவே சாத்தாது. இஞ்சின் வேற இறுகிக் கிடந்துச்சு. கியர் ஆயிலையும் அசிட்டோனையும் (ஆட்டோமேடிக் கியர் ஆயில், நெயில் பாலிஷ் அழிக்கிற சமாச்சாரம்) சரிபாதி கலந்து, ஸ்பார்க் பிளக் துளை வழியா எட்டு சிலிண்டர்லயும் ஊத்தி ரெண்டு வாரம் ஊறப்போட்டேன். ஒரு ஞாயித்துக்கிழமை நீளமான ஸ்பேனரைப் போட்டு இழுத்தப்ப ஒரு விரற்கடை நகர்ந்துச்சு பாருங்க, முதல் சம்பளத்துக்குக்கூட நான் அப்படிக் குதிச்சதில்லை.

அதுக்கடுத்த வாரம்தான் வினை. பெயிண்டைச் சுரண்டினப்ப பக்கவாட்டுல பழைய எழுத்து பொருத்தின துளைகள், பூச்சு போட்டு மூடியிருக்கு. சந்தேகப்பட்டு டிரைவர் பக்கக் கதவைத் திறந்து, கீல் இருக்கிற தூண்ல ஒட்டியிருந்த அழுக்கைத் துடைச்சு நம்பர் தகட்டைப் பார்த்தேன். 1967 ஜிடிஓன்னா 242-ல ஆரம்பிக்கணும். இது 237. லெமான்ஸ். இஞ்சினும் 326-தான். போன்டியாக் வி8 எல்லாம் வெளியில பார்க்க ஒரே அச்சு, அதனால தெரியலை. இதே வண்டி 1965 மாடலா இருந்திருந்தா ரெண்டுக்குமே 237-தான், வெறும் நம்பரை வச்சு யாரும் கண்டுபிடிக்க முடியாது. வண்டிப் பத்திரத்துலயும் அந்த 237 தெளிவா இருந்துச்சு. கோட் ரிவ்யூல ஒரு கமா விடமாட்டேன், இதைப் படிக்கலை.

தாத்தா தெரிஞ்சு ஏமாத்தலை, அது நிச்சயம். அவருக்கு முன்னாடி வச்சிருந்த ஏதோ ஒரு பையன் பந்தாவுக்கு ஜிடிஓ பானெட்டும் எழுத்தும் மாட்டியிருப்பான். "சொல்லாதே, அந்த வயசுல எதுக்கு"ன்னா தங்கமணி. நானும் வாயைத் திறக்கலை. ஆனா மனுஷர் தினம் சாயங்காலம் மடக்கு நாற்காலியோட வந்து உக்கார்ந்து, "நம்ம ஜிடிஓ எப்படி இருக்கு?"ன்னு கேப்பார். மூணு வாரம் "நல்லாருக்கு"ன்னேன். நாலாவது வாரம் முடியலை. தகட்டைக் காட்டிச் சொல்லிட்டேன்.

ரொம்ப நேரம் தகட்டையே பார்த்துட்டிருந்தார். அப்புறம் கேட்டது ஒண்ணுதான்: "அப்ப உன்கிட்ட எவ்வளவு கூட வாங்கிட்டேன்?"

நான் அதுக்குத் தயாராவே இல்லை. அதெல்லாம் ஒண்ணுமில்லைன்னு என்னென்னமோ உளறினேன். நாற்காலியை மடக்கிட்டுப் போயிட்டார். மறுநாள் காலையில கதவுக்கடியில ஒரு கவர், உள்ள 3,000 டாலருக்குச் செக். கொண்டுபோய்த் திருப்பிக் கொடுத்தா வாங்க மாட்டேங்கிறார். அது எங்க ஃபிரிட்ஜ் மேல காந்தத்துல ஒட்டிக் கிடக்கு. "பேங்குல போட்டியா?"ன்னு இப்ப தினம் அதையும் கேக்கிறார்.

ஜிடிஓ எழுத்துகளைக் கழட்டி அவர்கிட்டயே கொடுத்தேன். லெமான்ஸ் எழுத்துக்கு ஆர்டர் போட்டாச்சு. கூரையைத் தூக்குற ஹைட்ராலிக் பம்புதான் இன்னும் ஒழுகுது. மழை வந்தா தாத்தாவும் நானும் ஆளுக்கொரு பக்கம் பிடிச்சுக் கையாலதான் இழுக்கிறோம்.