எர்கோனாமிக்ஸ்: நாற்காலியிலிருந்து நடவு வயல் வரை

எர்கோனாமிக்ஸ் என்றதும் நம்மில் பலருக்கு விலை உயர்ந்த சுழல் நாற்காலிதான் ஞாபகம் வரும். ஐ.டி. கம்பெனிக்காரர்கள் சமாச்சாரம், நமக்கென்ன என்று நகர்ந்து விடுவோம். பி.காம். படிக்கும் எனக்கும் இது பாடத்தில் இல்லை. ஆனால் படிக்கப் படிக்க, எங்கள் பூதலூர் வயல்காட்டுக்குத்தான் இது முதலில் வந்திருக்க வேண்டும் என்று தோன்றியது. அதனால் இந்தப் பதிவு.

மனிதனுக்கு ஏற்றபடி வேலையையும் கருவியையும் அமைப்பது. இவ்வளவுதான் எர்கோனாமிக்ஸ். இதில் உடலுக்கு ஒரு பிரிவு. கண், கவனம், நினைவு, புரிதல் இவற்றுக்கு இன்னொரு பிரிவு.

இரண்டாவதற்கு நம்மூர் உதாரணம் பூச்சிமருந்து பாட்டில். அதன் லேபிளில் ஒரு சாய்சதுரம் இருக்கும். கீழ்ப்பாதி சிவப்பு என்றால் கடும் விஷம். அடுத்து மஞ்சள், நீலம், பச்சை என்று வீரியம் குறைந்துகொண்டே வரும். 1971-ம் ஆண்டு பூச்சிக்கொல்லி விதிகளில் வந்த ஏற்பாடு இது. பொடி எழுத்தைப் படிக்க முடியாதவருக்கும் ஆபத்து ஒரே பார்வையில் தெரிந்துவிடும். ஆனால் எந்த நிறத்துக்கு என்ன அர்த்தம் என்று ஒருவர் ஒருமுறையாவது சொல்லித் தந்திருக்க வேண்டும்!

இப்போது உடலுக்கு வருவோம். நடவு வேலையைப் பார்த்திருப்பீர்கள். இடது கையில் நாற்று முடி, வலது கையால் ஊன்றல், குனிந்தபடியே பின்னால் நகர்தல். ஸ்வீடன் மருத்துவர் ஆல்ஃப் நாகெம்சன் 1960-களில் முதுகெலும்புத் தட்டுக்குள் ஊசி செலுத்தி அழுத்தத்தை அளந்தார். நிற்கும்போது 100 என்றால், நின்றபடி முன்னால் குனியும்போது சுமார் 150 என்றது அவர் கணக்கு. நடவுக்குப் போகிற எங்கள் தெரு அத்தைகள் சாயங்காலம் வரப்பில் ஏறியதும் இடுப்பில் கை வைத்து மெதுவாக நிமிர்வது ஏன் என்று இப்போது புரிகிறது.

நம் நாட்டிலும் இதற்கு ஆராய்ச்சி நடக்கிறது. போபாலில் உள்ள மத்திய வேளாண் பொறியியல் நிறுவனம் ஒருங்கிணைக்கும் அகில இந்தியத் திட்டத்தில் கோவை தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமும் ஒரு மையம். வேலை செய்கிறவரின் நாடித்துடிப்பு, மூச்சில் செலவாகும் ஆக்சிஜன், கைக்கு எட்டும் தூரம், தள்ளும் பலம் எல்லாவற்றையும் அளக்கிறார்கள். விவசாயத் தொழிலாளர்களின் உடல் அளவுகளையும் பலத்தையும் தொகுத்து போபால் நிறுவனம் 2009-ல் ஒரு நூலே வெளியிட்டது. ஆணுக்குச் செய்த கைப்பிடி, உயரம் குறைந்த பெண்ணுக்குத் தோள்வலியாக முடியும். ஆகவே பெண்களின் அளவும் தனியாக வேண்டும்.

இங்கேதான் எனக்கு ஒரு சிக்கல் தெரிகிறது. ஒற்றை நாற்று நடவில் 25 செ.மீ. இடைவெளி விட்டு சதுரமாக நடுவதால், வரிசைக்கு நடுவே கோனோவீடரை ஓட்டலாம். குனிய வேண்டாம், நின்றபடியே களை எடுக்கலாம். நல்லதுதானே? ஆனால் சேற்றில் அதைத் தள்ள பலம் வேண்டும். அதனால் பெண்கள் செய்துவந்த களையெடுப்பு பல இடங்களில் ஆண்கள் கைக்குப் போய்விட்டது. பாய் நாற்றங்கால் போட்டு இயந்திரத்தில் நட்டாலும் இதே கதைதான். வலி போனது, கூடவே கூலியும் போனது.

எங்கள் காமர்ஸ் கணக்கில் நடவுக் கூலி செலவுப் பக்கத்தில் ஏறும். இயந்திர வாடகையும் ஏறும். ராத்திரி தடவும் தைலத்தின் விலை எந்த முதலாளியின் பேரேட்டிலும் ஏறாது, அது அந்த அத்தையின் சொந்தச் செலவு. ஏறியிருந்தால், பெண்கள் தள்ளக்கூடிய எடையில், அவர்கள் உயரத்தில் ஒரு கருவி எப்போதோ கடைக்கு வந்திருக்கும் என்று நினைக்கிறேன். அளவுகள்தான் புத்தகமாகவே இருக்கின்றனவே!

உங்கள் ஊரில் நடவும் களையெடுப்பும் இப்போது யார் கையில் இருக்கிறது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.