மேய்ப்பன் தொடங்கிய இடம்



இந்த வாரத் தியானத்தை ஓர் அறிக்கையோடு தொடங்குகிறேன். கடந்த ஏழு மாதங்களாக, இரவு ஜெபத்தை முடித்த பின்பு, வாரத்தில் இரண்டு மூன்று நாட்கள் உங்கள் போதகர் கணினியின் முன் அமர்ந்து ஒரு விளையாட்டு விளையாடிக்கொண்டிருக்கிறார். சிரிக்க விரும்புகிறவர்கள் சிரிக்கலாம். முகம் சுளிக்கிறவர்களும் இருப்பீர்கள். அவர்கள்மேல் எனக்கு வருத்தமில்லை. நானே அவர்களுக்கு முன்வரிசையில் நின்றவன்.

உங்களில் பலருக்கு நினைவிருக்கும். இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு ஒரு ஞாயிறு ஆராதனையில், வீடியோ விளையாட்டுகள் நம் பிள்ளைகளின் ஆத்துமாவைத் திருடுகின்றன என்று பிரசங்கித்தேன். விடுமுறைக்கு வந்திருந்த என் மகன் அன்று மூன்றாம் வரிசையில் அமர்ந்திருந்தான். நான் பெயர் எதையும் சொல்லவில்லை. ஆனாலும் என் கண்கள் யார்மேல் நின்றன என்பதை அவனும் அறிந்தான், நீங்களும் அறிந்தீர்கள். அதன் பின்பு அவன் சென்னையிலிருந்து ஊருக்கு வருவது குறைந்துபோயிற்று. கனகம்மாசத்திரத்துக்கு இரண்டு மணி நேரப் பேருந்துப் பயணம்தான். அதுவே கடல்கடந்த தூரம்போல் ஆயிற்று. தொலைபேசியில், "நல்லா இருக்கேன்பா" என்பதற்குமேல் ஒரு சொல்லும் வருவதில்லை.

ஒருநாள் என் மனைவி கேட்டாள்: "அவனுக்கு என்ன பிடிக்கும்னு ஒருநாளாவது அவன்கிட்ட கேட்டிருக்கீங்களா?" பதில் சொல்ல என்னால் இயலவில்லை. அன்றிரவே அவனை அழைத்து, "தம்பி, நீ விளையாடுவதில் ஒன்றை எனக்கும் கற்றுக்கொடு" என்றேன். நெடுநேரம் மௌனமாக இருந்தான். பின்பு, "சரிப்பா. ஆனா விடை எதையும் நான் சொல்லமாட்டேன். நீங்களேதான் கண்டுபிடிக்கணும்" என்றான்.

அவன் தேர்ந்துகொடுத்தது, அவன் பிறப்பதற்கு முன்பே வெளிவந்த விளையாட்டு. பெயர், 'அல்டிமா 4: குவெஸ்ட் ஆஃப் தி அவதார்'. 1985-ஆம் ஆண்டில், ஆப்பிள் 2 என்ற கணினிக்காக அமெரிக்கரான ரிச்சர்ட் கேரியட் என்பவர் உருவாக்கியது. இப்போது அது சட்டப்படியே இலவசமாகக் கிடைக்கிறது. அதன் படங்களைப் பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. சிறு சிறு கட்டங்கள். பச்சைப் புள்ளிகள் புல்வெளி, நீலக் கோடுகள் கடல், குச்சி மனிதன் ஒருவன் நான். உலகம் முழுவதும் 256-க்கு 256 கட்டங்கள். ஆனால் ஒரு நேரத்தில் கண்ணுக்குத் தெரிவது 11-க்கு 11 கட்டங்கள் மட்டுமே. அடுத்த மலைக்கு அப்பால் என்ன இருக்கிறது என்பதை நடந்துபோய்த்தான் அறியவேண்டும். ஆங்கில எழுத்துகள் ஒவ்வொன்றுக்கும் ஒரு செயல் உண்டு: ஏ என்றால் தாக்குதல், டி என்றால் பேசுதல், எஸ் என்றால் தேடுதல். முதல் வாரத்தில், பேச நினைத்து எழுத்தை மாற்றி அழுத்தி, வழியில் நின்ற ஒரு குடியானவரைத் தாக்கிவிட்டேன். ஊர்க்காவலர் துரத்தினார்கள். உணவு தீர்ந்து மடிந்தேன், நஞ்சு ஏறி மடிந்தேன், பாலத்தடியில் ஒளிந்திருந்த பூதத்தின் கையில் மடிந்தேன். மடியும்போதெல்லாம் அந்நாட்டு அரசன் என்னை எழுப்பி, சிறிது உணவும் சிறிது பொன்னும் தந்து மீண்டும் அனுப்பிவைத்தான். கட்டம் போட்ட கணக்கு நோட்டு ஒன்று வாங்கி, பள்ளிச் சிறுவனைப்போல் வரைபடம் வரையத் தொடங்கினேன்.

பிரியமானவர்களே, இந்த விளையாட்டின் பின்னணியில் ஒரு சம்பவம் உண்டு. இதற்கு முந்தைய மூன்றாம் பாகத்தின் அட்டையில் ஒரு பிசாசின் உருவம் இருந்தது. அதைக் கண்டு கோபமுற்ற பெற்றோர் சிலர், இளைஞரைக் கெடுக்கிறீர் என்று கேரியட்டுக்குக் கடிதம் எழுதினார்கள். அக்கடிதங்களைப் படித்த அவர், தம் விளையாட்டில் மனிதர் என்னென்ன செய்கிறார்கள் என்பதையும் எண்ணிப் பார்த்தார். வெற்றிக்காகக் கடைகளில் திருடினார்கள், குற்றமற்றவர்களைக் கொன்றார்கள், அதற்கு எந்த விலையும் கொடுக்கவில்லை. ஆகவே நான்காம் பாகத்தில் அழிக்கவேண்டிய கொடிய பகைவன் ஒருவனையும் வைக்கவில்லை. உண்மை, இரக்கம், வீரம், நீதி, தியாகம், கண்ணியம், ஆவிக்குரிய வாழ்வு, தாழ்மை என்னும் எட்டு நற்குணங்களில் வளர்வதே விளையாட்டின் நோக்கம் என்று வகுத்தார்.

தொடக்கத்தில் ஒரு நாடோடிப் பெண் ஏழு கேள்விகளைக் கேட்கிறாள். ஒவ்வொன்றிலும் இரண்டு நற்குணங்கள் மோதுகின்றன, ஒன்றைத் தெரிந்துகொள்ளவேண்டும். தாழ்மை வந்த இடத்திலெல்லாம் தயங்காமல் அதையே தெரிந்துகொண்டேன். போதகன் வேறு எதைத் தெரிந்துகொள்வான்? உள்ளத்தில் சிறு பெருமிதம்கூட எழுந்தது. தாழ்மையைத் தெரிந்தவனுக்கு அந்த உலகம் கொடுக்கும் தொழில், மேய்ப்பன். அதைக் கண்டு மகிழ்ந்து மனைவியை அழைத்துக் காட்டினேன்.

மேய்ப்பனின் பயணம் தொடங்கும் இடம் மேகின்சியா என்னும் தீவு. அங்கு ஒரு நகரத்தைத் தேடினேன். இடிந்த சுவர்களே இருந்தன. உயிருள்ள மனிதர் இல்லை, ஆவிகளே அலைந்தன. ஒரு காலத்தில் செழித்திருந்த அந்த நகரம், குடிகளின் பெருமையினால் அழிந்துபோயிற்று என்று அறிந்தேன். மற்ற தொழிலினர் எல்லாரும் ஒளியுள்ள ஊர்களின் அருகே தொடங்க, மேய்ப்பன் மட்டும் இந்த இடிபாடுகளின் அருகே, மந்திரமும் அறியாதவனாய், எல்லாரிலும் பலவீனனாய்த் தொடங்குகிறான். தாழ்மையைத் தெரிந்துகொண்டதில் பெருமை கொண்ட எனக்கு ஏற்ற இடந்தான் என்று இப்போது எண்ணுகிறேன். அன்று அது எனக்குப் புரியவில்லை. தொடங்கிய இடம் கடினமாயிருக்கிறதே என்று மகனிடம் குறைசொன்னேன். அவன் சிரித்தான். நெடுநாளுக்குப் பின்பு கேட்ட சிரிப்பு அது.

இரண்டு மாதம் கழிந்தது. மந்திரங்களுக்கு வேண்டிய மூலிகைகளை விற்கும் கடைக்குப் போனேன். கடைக்காரி பார்வையற்றவள். அவள் விலையைச் சொல்வாள்; எத்தனை பொற்காசு வைக்கிறோம் என்பதை நாமே எழுதவேண்டும். கையில் பணம் குறைவு. கேட்ட தொகைக்குப் பதிலாக ஒரே ஒரு காசை வைத்துப் பார்த்தேன். அவள் நன்றி கூறி மூலிகையைக் கொடுத்தாள். மறுபடியும் அப்படியே செய்தேன். "விளையாட்டுத்தானே" என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இரவு பதினொரு மணி. திருப்பதி சாலையில் லாரிகள் போகும் ஓசையைத் தவிர வேறு ஓசை இல்லை. வீட்டில் அனைவரும் உறங்கியிருந்தார்கள்.

அரசனின் கோட்டையில் ஞானி ஒருவர் உண்டு. எந்த நற்குணத்தில் நாம் எவ்வளவு முன்னேறினோம் என்று கேட்டால் சொல்வார். உண்மையைக் குறித்துப் பெருமையோடு அவரிடம் கேட்டேன். நீ வழிவிலகிப் போனாய் என்ற பொருளில் அவர் பதில் உரைத்தார். விளையாட்டில் பிழை இருக்கிறதோ என்று மகனை அழைத்தேன். "மூலிகைக் கடையில என்ன செஞ்சீங்க?" என்றான். நான் மௌனமானேன். "யாரும் கணக்கு வைக்கலைன்னு நினைச்சீங்களாப்பா?" என்று மெதுவாகக் கேட்டான்.

பார்வையற்றவரின் வழியில் தடை வைக்கலாகாது என்னும் நியாயப்பிரமாணத்தின் கட்டளையை எத்தனை முறை இந்தச் சபையில் விளக்கியிருக்கிறேன்! கள்ளத்தராசைக் குறித்து எத்தனை முறை பேசியிருக்கிறேன்! தாவீதிடம் நாத்தான் தீர்க்கதரிசி ஆட்டுக்குட்டியின் கதையைச் சொன்னபோது, கதையில் வந்த செல்வந்தன்மேல் அரசன் கோபம் கொண்டான்; அந்த மனிதன் தானே என்று பின்புதான் அறிந்தான். அன்றிரவு எனக்கு நாத்தானாக வந்தது ஒரு பழைய கணினி விளையாட்டு. சிறு கட்டங்களால் ஆன பொய் உலகந்தான். ஆனால் ஒருவரும் பார்க்கவில்லை என்று எண்ணிக் காசைக் குறைத்து வைத்த கை என்னுடைய மெய்யான கை.

அந்த விளையாட்டில் பேசுவதற்கும் ஒரு முறை உண்டு. எதிரில் இருப்பவரிடம் பெயரைக் கேட்கலாம், தொழிலைக் கேட்கலாம். அதற்கு மேல் என்ன கேட்பது என்பது அவர் சொல்லும் பதிலுக்குள்ளேயே மறைந்திருக்கும். பதிலிலிருந்து ஒரு சொல்லை எடுத்து, அதையே மீண்டும் கேட்டால்தான் அவர் மனத்தைத் திறப்பார். நாமாக எதையாவது கேட்டால், தமக்குப் புரியவில்லை என்று சொல்லிவிடுவார். இருபத்தாறு ஆண்டுகளாகப் பேசுவதையே ஊழியமாகச் செய்த எனக்கு இது மிகவும் கடினமாயிருந்தது. பிறர் சொன்னதைக் கவனிக்காமல் கடந்துவிடுவேன். பின்பு மறுபடியும் அதே ஊருக்கு நடந்துபோவேன்.

மூலிகைக் கடைச் சம்பவத்துக்குப் பின் ஒருநாள், "இந்த விளையாட்டை நீ எப்போது விளையாடுவாய்?" என்று மகனிடம் கேட்டேன். "ராத்திரியிலதான்பா. தூக்கம் வராதப்போ" என்றான். பழைய நானாக இருந்தால், சீக்கிரம் உறங்கு, வேதம் வாசி, ஜெபி என்று அங்கேயே அறிவுரையைத் தொடங்கியிருப்பேன். அன்று அந்த ஒரு சொல்லை மட்டும் எடுத்துக் கேட்டேன்: "தூக்கம் ஏன் வரவில்லை, தம்பி?" அவன் சொல்லத் தொடங்கினான். வேலை போய் நான்கு மாதம் ஆயிற்று என்றான். ஊரில் தலைகுனிவாகும், அப்பாவின் சபையில் பேச்சாகும் என்று எங்களிடம் சொல்லவில்லை என்றான். அறை வாடகைக்குக் கடன் வாங்கியிருக்கிறான். உறக்கம் வராத இரவுகளில், நஞ்சேறி மடிந்தாலும் மறுபடியும் எழுப்பி அனுப்பும் அந்த அரசன் தனக்கு ஆறுதலாயிருந்தான் என்றும் சொன்னான். அந்த ஆறுதலைத் தரவேண்டிய இடத்தில் இருந்த நான், பிரசங்க மேடையில் நின்று அவனைச் சுட்டிக்காட்டிக்கொண்டிருந்தேன். இவற்றையெல்லாம் அவன் அனுமதியோடுதான் எழுதுகிறேன்.

அன்பானவர்களே, எல்லா விளையாட்டும் நல்லது என்று நான் சொல்ல வரவில்லை. பணத்தைப் பறிப்பதற்கென்றே அமைந்தவை உண்டு. படிப்பையும் உறக்கத்தையும் விழுங்குகிறவை உண்டு. என் விளையாட்டிலும் எனக்கு ஒவ்வாதவை இருக்கின்றன. ஆலயங்களில் மந்திர ஒலிகளைச் சொல்லித் தியானிக்கச் சொல்லும்போது மனம் தயங்கிற்று. கதைக்குள் நடப்பது கதை என்று என் மனச்சாட்சியோடு பேசித் தெளிந்தபின்பே தொடர்ந்தேன். எட்டு நற்குணங்களையும் ஒவ்வொன்றாகச் சம்பாதித்து, கணக்கை முடித்து மனிதன் நிறைவடையலாம் என்று அது நம்புகிறது. நாமோ நற்குணங்களை ஆவியின் கனி என்று கற்றிருக்கிறோம். கனி கணக்கினால் பழுப்பதில்லை. ஆயினும் அதில் ஒன்று என்னைச் சிந்திக்க வைத்தது. உண்மை, அன்பு, துணிவு என்னும் மூன்று அடிப்படைகளிலிருந்தே மற்ற ஏழு குணங்களும் பிறக்கின்றன. தாழ்மை மட்டும் அம்மூன்றில் எதிலிருந்தும் பிறப்பதில்லை. இருப்பதைக் கூட்டிக் கூட்டி அதை அடைய முடியாது என்று எனக்குத் தோன்றுகிறது.

நான் அறியாத ஒன்றைக் குறித்து அறிந்தவன்போல் அன்று பேசினேன். அது என் மகனுக்கு விரோதமாக நான் சொன்ன பொய்ச்சாட்சி. அவனிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். இன்று உங்களிடமும் கேட்கிறேன். அந்தப் பிரசங்கத்தைக் கேட்டு வீட்டுக்குப் போய்ப் பிள்ளையைக் கடிந்துகொண்ட பெற்றோர் இருந்தால், அந்தப் பாரத்தில் எனக்கும் பங்குண்டு. இந்த வாரம் அரைமணி நேரம் உங்கள் பிள்ளையின் அருகில் அமருங்கள். அறிவுரை வேண்டாம். அவன் பதிலிலிருந்து ஒரு சொல்லை எடுத்துக் கேளுங்கள்.

சென்ற மாதம் என் மகன் வீட்டுக்கு வந்து பத்து நாள் தங்கினான். சத்திரம் என்றால் வழிப்போக்கர் இளைப்பாறிப் போகும் இடம். நம் ஊரின் பெயரிலேயே அது இருக்கிறது. போதகரின் வீடு அப்படி இருந்ததா என்பதைத்தான் இத்தனை நாள் நான் கேட்டுக்கொள்ளவில்லை. வேலை இன்னும் கிடைக்கவில்லை. தேடிக்கொண்டிருக்கிறான், அவனுக்காக ஜெபியுங்கள். இரவில் என் அருகில் அமர்ந்து, நான் வழிதவறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தான். விடை ஒன்றையும் சொல்லவில்லை. மூலிகைக் கடைக்கு மறுபடியும் போய், அவள் கேட்ட விலையை முழுதும் வைத்தேன். ஞானி இன்னும் என்னைப் பாராட்டவில்லை. தாழ்மையின் ஆலயத்துக்குப் போகும் வழியும் எனக்கு இன்னும் தெரியவில்லை.

ஜெபம்: எங்கள் பரம மேய்ப்பரே, பேசுவதற்கு விரைகிற எங்களுக்குக் கேட்கிற செவியைத் தாரும். ஒருவரும் பாராத நேரத்திலும் எங்கள் கைகளை உண்மையாய்க் காத்தருளும். எங்கள் வீடுகளைப் பிள்ளைகள் திரும்பிவரத் தயங்காத இடமாக்கும். ஆமென்.