மொட்டு விடாத ராத்திரி

ரெண்டு வாரமா பதிவு இல்லாததுக்குக் காரணம் ஈஸ்ட். ஆமாங்க, கள்ளு ஊத்தின ஆப்ப மாவைப் பொங்க வைக்குதே, அதேதான்.

இந்த செல் மொட்டு விட்டுத்தான் ரெண்டாகும். ஆனா நினைச்ச உடனே விடாது, போதுமான அளவு வளரணும். அதுவரைக்கும் வை5-ன்னு ஒரு புரதம் எஸ்.பி.எஃப். மேல உட்கார்ந்து அமுக்கி வெச்சிருக்கும். எஸ்.பி.எஃப்.ங்கிறது ஸ்வி4, ஸ்வி6 ஜோடி; ஜீன்களைத் தட்டி எழுப்புறது இதோட வேலை. சி.எல்.என்.3 முதல் தள்ளு தள்ளும். கொஞ்சம் எழுந்த எஸ்.பி.எஃப்., சி.எல்.என்.1, 2 ரெண்டையும் உண்டாக்கும். அதுங்க திரும்பி வந்து வை5-ஐ நியூக்ளியஸை விட்டே துரத்தும். சுமார் 200 ஜீன் முழிச்சுக்கும். அப்புறம் ஆல்ஃபா ஃபேக்டரை ஊத்தினாலும் அந்தச் சுற்று நிக்காது. வை5 இப்படி எஸ்.பி.எஃப்.-ஐ அமுக்குதுன்னு தெரிஞ்சதே 2004-லதான். நம்ம உடம்புல இதே காவல் வேலை ஆர்.பி. புரதத்துக்கு.

நான் புடுங்குற ஆணி: ஆல்ஃபா ஃபேக்டர் ஊத்தி எல்லா செல்லையும் நிறுத்தி, கழுவிவிட்டு, 10 நிமிஷத்துக்கு ஒரு தடவை பார்க்கணும். இது தேறலைன்னா ஆய்வேட்டுல மூணாவது அத்தியாயமே கிடையாது. ரெண்டு ராத்திரி ஒண்ணுகூட மொட்டு விடலை. ஈஸ்டைத் திட்டினேன். கடைசியில பார்த்தா, நான்தான் சரியாக் கழுவலை :(

நேத்து மூணு தடவை கழுவினேன். மைக்ராஸ்கோப்ல நியூக்ளியஸுக்குள்ள பச்சைப் புள்ளியா மின்னிட்டிருந்த வை5 மெல்லக் கரைஞ்சு செல் முழுக்கப் பரவுச்சு. பின்னாலேயே மொட்டு! ராத்திரி ரெண்டு மணி, காட்டக்கூட ஆள் இல்லை.

நாளைக்கு ஸ்வி4 இல்லாத ரகம். அது ஊதிப் பெருத்து, லேட்டாத்தான் மொட்டு விடுமாம். தூக்கம் போச்சு.